மனு ரசீதும் எஃப்.ஐ.ஆரும்: சட்டம் தெரிந்திருப்பது என்றால் என்ன?

வாசலில் நிறுத்தியிருந்த பைக் விடிந்து பார்த்தால் இல்லை. தெருவில் நாலு பேரிடம் கேட்டுவிட்டு, பத்து மணிவாக்கில் ஸ்டேஷனுக்குப் போகிறார் அதன் சொந்தக்காரர். ரைட்டர் உட்காரச் சொல்கிறார், வெள்ளைத்தாளில் புகார் எழுதி வாங்கிக்கொள்கிறார், ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் கேட்கிறார். அரைமணி நேரத்தில் சீல் குத்திய ஒரு சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. புகார் பதிவாகிவிட்டது என்ற நிம்மதியில் மனிதர் வீடு திரும்புகிறார். மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அந்தச் சீட்டை நீட்டினால், "சார், இது மனு ரசீது. எஃப்.ஐ.ஆர். காப்பி எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் சி.எஸ்.ஆர். என்று ஒரு பதிவேடு உண்டு. சமூகப் பணிப் பதிவேடு என்பது தமிழ்ப் பெயர். வருகிற மனுவை அதில் ஏற்றி, எண் போட்டு, ரசீது கிழித்துத் தருவார்கள். உங்கள் மனு எங்கள் கைக்கு வந்தது என்பதற்கு மேல் அந்த ரசீதுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. முதல் தகவல் அறிக்கை என்கிற எஃப்.ஐ.ஆர். வேறு சங்கதி. அது போட்டால்தான் வழக்கு பிறக்கிறது. அது நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்குப் போகும், புலன்விசாரணை தொடங்கும், கடைசியில் போலீஸ் ஏதாவது ஓர் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். மனு ரசீதுக்கு இந்தக் கட்டாயம் ஒன்றும் இல்லை.

இந்த மனிதருக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல முடியுமா? திருட்டு குற்றம் என்று தெரியும். புகார் கொடுக்கவேண்டும் என்று தெரிந்து, தாமதிக்காமல் கொடுக்கவும் செய்தார். எந்தத் தாளைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் போனது. சட்ட விழிப்புணர்வு என்ற பெயரில் பள்ளியில், முகாமில், வாட்ஸ்அப்பில் நமக்கு வந்து சேர்வதெல்லாம் பெரும்பாலும் உரிமைகளின் பெயர்ப் பட்டியல். சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை என்று ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் உரிமை நம் கைக்கு வந்து சேரும்போது ஒரு தாளாகவும் ஒரு கெடு தேதியாகவும்தான் வருகிறது. அந்த இடத்தில்தான் படித்தவர்களும் கோட்டை விடுகிறோம்.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 173வது பிரிவுதான் புகாரைப் பற்றியது. போலீஸ் தானாகவே விசாரணையில் இறங்கக்கூடிய குற்றம் என்றால், தகவல் வந்ததும் எழுதிப் பதியவேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு மாதிரி சில வகைகளில் மட்டும் முன்கூட்டி ஒரு சிறு விசாரணைக்கு இடம் தந்தது. பதிந்த எஃப்.ஐ.ஆரின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு உடனே, காசு வாங்காமல் தரவேண்டும். சம்பவம் நடந்த இடம் வேறு ஸ்டேஷனின் எல்லைக்குள் வந்தாலும் புகாரை வாங்கிப் பதிந்து அங்கே அனுப்பவேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். "எங்க லிமிட் இல்லீங்க" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. ஆன்லைனிலும் புகார் தரலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும்.

புதிய சட்டம் ஒரு பக்கவாசலையும் திறந்து வைத்திருக்கிறது. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்திவிட்டு அப்புறம் பதிவு செய்யலாமா என்று முடிவெடுக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை என்பதால், பைக் காணாமல் போனவரிடமும் இந்தக் காரணத்தைச் சொல்லக்கூடும். அப்போது அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாயிற்றா, 14 நாள் எந்தத் தேதியில் முடிகிறது? இன்னொன்று. திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், புதிய சட்டப்படி நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. பழைய செல்போன் தொலைத்தவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாருக்கும் சட்டம் தெரியுமா?

சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்று கேள்விப்பட்டிருப்போம். ஹெல்மெட் போடாமல் பிடிபட்டு, "ரூல் மாறினது தெரியாது சார்" என்றால் அபராதம் குறையாது. சரி. இதை இழுத்துக்கொண்டு போய், "அப்படியானால் எல்லாருக்கும் சட்டம் தெரியும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். வக்கீல்களில்கூடச் சிலர் அப்படிப் பேசுவதுண்டு.

உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. 1979இல் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கு வந்தது. புதிதாகத் தொடங்கும் வனஸ்பதி ஆலைக்கு மூன்று வருடம் விற்பனை வரி கிடையாது என்று உத்தரப் பிரதேச அரசு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பின்வாங்கியது. நடுவில் அரசு காட்டிய குறைந்த சலுகைக்கு ஆலை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியதே, அப்போதே உரிமையை விட்டுக்கொடுத்தாயிற்று என்று அரசுத் தரப்பு வாதாடியது. நீதிபதி பி.என். பகவதி அதை ஏற்கவில்லை. இருப்பது தெரிந்தால்தானே ஒருவர் அதை விட்டுக்கொடுக்க முடியும்? எல்லாருக்கும் சட்டம் தெரியும் என்று ஓர் அனுமானம் சட்டத்தில் இல்லவே இல்லை என்றார் அவர். சட்டம் தெரியாது என்பது தவறுக்குச் சாக்காகாது என்பது வேறு, எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்வது வேறு. ஒரு பெரிய ஆலைக்கே இந்த நியாயம் என்றால், ரைட்டர் முன்னால் நிற்கிற மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழு வருடம் கழித்து அதே பகவதி, தலைமை நீதிபதியாக, இன்னொரு வழக்கில் இந்த இழையை மேலே கொண்டுபோனார். அருணாசலப் பிரதேசத்தில் ஓர் உதவிப் பொறியாளரை மிரட்டினார் என்று சுக் தாஸ் என்பவர் மேல் வழக்கு. வக்கீல் வைக்க வசதி இல்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லாமலே விசாரணை முடிந்து இரண்டு வருடச் சிறைத் தண்டனை ஆனது. அவர் இலவச வக்கீல் கேட்கவில்லையே, அதனால் விசாரணை செல்லும் என்றது உயர் நீதிமன்றம். 1986இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. கிராமங்களில் 70 சதவீதம் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், உரிமை தெரியாதவர்கள் அதைவிட அதிகம், படித்தவர்களுக்கே தெரிவதில்லை. இப்படிப்பட்ட நாட்டில் கேட்டால்தான் கொடுப்போம் என்பது இலவச சட்ட உதவியைக் கேலிக்கூத்தாக்கிவிடும் என்பது தீர்ப்பின் சாரம். வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்வதே நடுவரின் கடமை ஆயிற்று. பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை தொடர்பான வழக்கில் 1981லேயே இது சொல்லப்பட்டிருந்தது.

இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான். தெரியாததற்கு மன்னிப்பில்லை என்று சொல்கிற அரசு, தெரியப்படுத்துகிற பொறுப்பையும் தலையில் ஏற்றுக்கொண்டாகவேண்டும். சட்டக் கல்வியை மக்களுக்குச் செய்யும் உபகாரமாகப் பார்ப்பது எனக்கு உவப்பில்லை. அது அரசு தீர்க்கவேண்டிய கடன்.

தெரியப்படுத்துவது என்றால் எந்த மொழியில்? நீதிமன்றச் சொற்களையே பாருங்கள். வக்காலத்து, ஜாமீன், வாய்தா, நகல், அமீனா எல்லாம் பாரசீக, அரபு வழியில் வந்தவை. ரிமாண்ட், சம்மன், வாரண்ட், பெட்டிஷன் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. சாமானியருக்கு இவை பழகிப்போய்விட்டன. "வாய்தா மேல வாய்தா" என்பது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. ஆனால் சொல் பழகிய அளவுக்கு அதன் உள்ளே இருப்பது பழகவில்லை. இந்த இடைவெளியை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி அந்தக் காலத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். நாவலாசிரியராகத்தான் அவரைப் பாடப்புத்தகம் நமக்குக் காட்டுகிறது. அவர் செய்த இந்த வேலையை இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

நூறு வருடம் கழித்து இதே மொழிப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிஷன் என்பவருக்கு இந்தி மட்டுமே தெரியும். காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். இந்தியில் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஓர் அதிகாரி வாயால் மொழிபெயர்த்துச் சொன்னாராம். அது போதாது, புரிகிற மொழியில் எழுதிக் கையில் கொடுத்தால்தான் காரணத்தைத் தெரிவித்ததாக ஆகும் என்று 1962இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தடுப்புக் காவலுக்குச் சொன்ன இந்த விதி, சாதாரணக் கைதுகளுக்கும் வந்து சேர அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 2023, 2024 தீர்ப்புகளில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கும் உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கும் வந்து, 2025 நவம்பரில்தான் எந்தக் குற்றத்துக்கான கைது என்றாலும் காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடத்திலேயே எழுதித் தர வழியில்லாவிட்டால், ரிமாண்டுக்கு நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தந்துவிடவேண்டும்.

கைது என்று வந்துவிட்டால்

கைதைப் பற்றிச் சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம். அதில் பாதி தப்பு. அரசியலமைப்பின் 22வது பிரிவு சொல்வது எளிமையானது: காரணம் சொல்லவேண்டும், விரும்பிய வக்கீலைக் கலந்து பேச விடவேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். இதை நடைமுறைப்படுத்த 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகளைப் போட்டது. அவற்றில் முக்கியமானது கைதுக் குறிப்பாணை. கைது செய்த நேரம், தேதி எழுதி, குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைதானவரும் கையெழுத்திடவேண்டும். 24 மணி நேரக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதற்கு நம்மிடம் இருக்கும் முக்கிய ஆதாரம் அந்தத் தாள்தான். "சும்மா விசாரணைக்குத்தான்" என்று கூட்டிப்போய் ராத்திரி முழுக்க உட்காரவைத்து, மறுநாள் மாலை கைது செய்ததாக எழுதினால் என்ன ஆகும்? தாளின்படி கணக்கு மறுநாள் மாலையிலிருந்துதான் ஓடும். அதனால் குடும்பத்தார் கையெழுத்துப் போடுமுன் அந்த நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடவேண்டும். இத்தனை சின்ன விஷயம்தான். பதற்றத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள் என்பது 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு. நோட்டீஸ் வந்தால் போகவேண்டும். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்கான காரணமாகிவிடும். வாட்ஸ்அப் அறிவுரைகள் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகின்றன. விசாரணைக்குச் சாட்சியாகக் கூப்பிடும்போது பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 தாண்டியவர்களையும், உடல்நலம் சரியில்லாதவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் போலீஸ் போகவேண்டும்.

பொழுது சாய்ந்தபின் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. தவிர்க்க முடியாத நேரத்தில் நடுவரின் முன் அனுமதியோடு பெண் போலீஸ் அதிகாரி கைது செய்யலாம். அனுமதி வாங்காமலே கைது செய்துவிட்டால்? இந்த விதி வழிகாட்டுதல் வகையைச் சேர்ந்தது, அதனாலேயே கைது தானாகச் செல்லாததாகிவிடாது, ஆனால் ஏன் பின்பற்றவில்லை என்று அந்த அதிகாரி விளக்கம் சொல்லியாகவேண்டும் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு வரி மீமில் படித்த உரிமையை நம்பி வாசலில் நின்று வாக்குவாதம் செய்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வாக்குவாதத்தில் வழக்கு ஜெயிப்பதில்லை. தாளில் எழுதியது பிறகு பேசும்.

இலவச வக்கீல் யாருக்கு?

பாதிப்பேர் தகுதி இருந்தும் போகாத இடம் ஒன்று எல்லா நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று போர்டு மாட்டியிருப்பார்கள். 1976இன் 42வது திருத்தத்தில், இலவச சட்ட உதவியைப் பற்றிய 39அ என்ற பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்தது. 1979இல் பீகார் சிறைகளில் தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்களைப் பற்றிய ஹுசைனாரா காதூன் வழக்கு வந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9இல்தான் நடைமுறைக்கு வந்தது. எட்டு வருடத் தூக்கம்.

இந்தச் சட்டத்தின் 12வது பிரிவை ஒருமுறை படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஏழைகளுக்கு மட்டும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருமான வரம்புக்குள் வருபவர்கள் அந்தப் பட்டியலில் ஒரு வகை மட்டுமே. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள், சிறையிலோ காவலிலோ இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானத்தைப் பார்க்காமலே உதவி உண்டு. ஐ.டி. கம்பெனியில் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிற பெண்ணும் ஜீவனாம்ச வழக்குக்கு அங்கே வக்கீல் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், எழுதத் தெரியாவிட்டால் அங்கிருப்பவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

"இலவசமாக வருகிற வக்கீல் எப்படி வாதாடுவார்?" என்ற சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது, அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று சொற்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தன் சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்க்கிற வக்கீலிடம் எல்லா நாளும் ஒரே கவனத்தை எதிர்பார்க்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் 2022 முதல் குற்ற வழக்குகளுக்கு மட்டும், மாதச் சம்பளத்தில் முழுநேரமாக வக்கீல்களை நியமிக்கும் திட்டம் வந்திருக்கிறது.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வரும், வழக்கு அன்றே முடிந்துவிடும். ஆனால் அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் "சரி, கையெழுத்துப் போடுங்க" என்று சுற்றியிருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும், தொகை எவ்வளவு, எப்போது வரும் என்று தாளில் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

தேதியும் வெற்றுத்தாளும்

வழக்கில் நியாயம் நம் பக்கம் இருந்தும் தேதி தவறியதால் தோற்றவர்கள் கதை எல்லா வக்கீலிடமும் இருக்கும். கடன் கொடுத்து வாங்கிய புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போடவேண்டும், அல்லது வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதி வரவு வைத்து, கடன் வாங்கியவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக் கணக்கைப் புதுப்பிக்கவேண்டும். "பங்காளிதானே, எங்கே போகப்போறான்" என்று பெட்டியில் வைத்தால் மூன்றாம் வருடம் முடிந்த மறுநாள் அது வெறும் காகிதம். செக் திரும்பினால் வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் குற்ற வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

கடன் வாங்குகிறவர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அவசரத்துக்குப் பணம் வாங்கும்போது ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் ஒரு கையெழுத்து, நிரப்பாத செக்கில் ஒரு கையெழுத்து. "நான் தொகை எழுதவே இல்லையே, அது செல்லாது" என்று நம்பிக்கொண்டிருக்கும் பலரை எனக்குத் தெரியும். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20வது பிரிவுப்படி, ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே அதை நிரப்பிக்கொள்ள மற்றவருக்கு அதிகாரம் கொடுத்ததாக அர்த்தம். வெற்றுச் செக்குக்கும் இதே கதிதான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த செக் என்றால், கடன் இருக்கிறது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டியது செக் கொடுத்தவர் பாடு. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உதவவும் செய்யும். என்றாலும் கட்டிய வட்டிக்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் இல்லாமல் அங்கே போய் நிற்பது கஷ்டம்.

தகவல் உரிமைச் சட்டத்திலும் நுகர்வோர் சட்டத்திலும் இதே தேதிக் கதை, அங்கே கொஞ்சம் தாராளம். தகவல் கேட்டால் 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பிறகு 90 நாளுக்குள் ஆணையம். தமிழ்நாடு 1997லேயே சொந்தமாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம். விதிவிலக்குகள் மலிந்திருந்ததால் அதனால் பெரிய பயன் விளையவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. கடைப் பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா? பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிகம். இத்தனைக்கும் ஆதாரம் அந்தப் பில். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால், மிச்சம் பிடித்தது கடைக்காரர்தான்.

கடமை என்றால் எது?

கடமைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே அரசியலமைப்பின் 51அ பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். நெருக்கடி நிலை காலத்தில், சுவரண் சிங் குழுவின் பரிந்துரையை அடுத்து 42வது திருத்தம் பத்துக் கடமைகளைச் சேர்த்தது. 2002இல் குழந்தைகளைப் படிக்கவைக்கும் கடமை பதினொன்றாவதாக வந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது உட்பட நல்ல வரிகள் அதில் இருக்கின்றன. அவற்றை மீறியதற்காக மட்டும் யாரையும் நேரடியாகத் தண்டிக்க முடியாது. கடமையைச் செய்தால்தான் உரிமை என்று மேடையில் முழங்குவதற்கும் அரசியலமைப்பில் ஆதாரம் இல்லை. வரி கட்டாதவரைக் கைது செய்தாலும் 24 மணி நேரக் கணக்கு அவருக்கும் உண்டு.

ஆனால் மீறினால் சிறைக்கே போகவைக்கிற கடமைகள் தனியாக இருக்கின்றன, அவற்றைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பதினாறு வயதுப் பையன் பைக் ஓட்டுகிறான் என்று பெருமைப்படும் அப்பாவை எடுத்துக்கொள்வோம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199அ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம சாவியை எடுத்துட்டான்" என்பதை அப்பாதான் நிரூபிக்கவேண்டும். சாவி ஆணியில் தொங்கும் வீடுகளில் அது எளிதான காரியமா?

போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு இன்னும் கனமானது. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலும், போலீசுக்குத் தெரிவிப்பது அறிந்த ஒவ்வொருவரின் கடமை. ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், பாட்டி, சித்தப்பா, யாராக இருந்தாலும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தாலே தொடங்கிவிடலாம். "குடும்ப மானம், பேசி முடிச்சுக்கலாம்" என்று பஞ்சாயத்துக்கு உட்காருகிற பெரியவர்கள், உட்கார்ந்த கணமே குற்றத்துக்குள் கால் வைக்கிறார்கள் என்பதை எத்தனை முகாம்களில் சொல்லியிருப்பார்கள்?

வரதட்சணை வாங்குவது மட்டும் குற்றம் என்றுதான் பொதுவாக எண்ணம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுப்பதும் அதே அளவு குற்றம். இதைக் காட்டிப் புகார் கொடுக்கும் பெண் வீட்டாரைப் பயமுறுத்துவதும் நடக்கிறது. அதற்கும் அந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே அந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது.

சட்டம் எண்களாக நம் பேச்சில் புகுந்திருக்கும் விதம் வேடிக்கையானது. ஏமாற்றுக்காரனை 420 என்கிறோம், ஊரில் பதற்றம் என்றால் 144 போட்டுவிட்டார்கள் என்கிறோம். 2024 ஜூலைக்குப் பின் மோசடி 318வது பிரிவு, தடையுத்தரவு 163வது பிரிவு, 302 என்று இருந்த கொலை 103. எண் மாறினாலும் பேச்சில் 420 இன்னும் ஐம்பது வருடம் இருக்கும் என்று நினைக்கிறேன், இருக்கட்டும். புதிய சட்டங்களின் பெயர்கள் இந்தியில் இருப்பது பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த சர்ச்சைக்குள் நான் இங்கே போகவில்லை. பெயரைக்கூடத் தடுமாறாமல் உச்சரிக்க முடியாத சட்டத்தை ஒருவர் எப்படித் தனதாக நினைப்பார் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

சரி, அந்தப் பைக்காரரிடம் வருவோம். இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து திரும்பிய அவர் மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறார். "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். இனி அவர் சண்டை போடவேண்டியதில்லை. மனு ரசீதின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, எஃப்.ஐ.ஆர். பதியவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, மாவட்டமானால் எஸ்.பி.க்கும் மாநகரமானால் துணை ஆணையருக்கும் தபாலில் அனுப்பவேண்டும். 173வது பிரிவின் 4வது உட்பிரிவு சொல்கிற வழி அது. பழைய ரெஜிஸ்டர் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஸ்பீடு போஸ்ட்டிலேயே அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் அசைவு இல்லையென்றால், இந்த ரசீதுகளோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் சேர்த்து நடுவரிடம் மனுப்போடவேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிந்துவிட்டார்களா என்பதைக் காவல்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பதிந்த 24 மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு.

முதல் நாளே அந்தச் சீட்டின் தலைப்பைப் படித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். இரண்டாவது முறை போனபோது ரைட்டர் நீட்டிய தாளை வாங்கியதும் அவர் வாசலுக்கு நடக்கவில்லை. அங்கேயே நின்று, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வண்டி எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது.